குதிரையின் குலமுறை

மாடு பிடிக்கச் செல்பவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். குதிரை வாங்குவோரும் அப்படியே செய்வர். விற்பவர் சொல்லும் வயது பொய்யாக இருக்கலாம். பல்லின் தேய்வு பொய் சொல்லாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்னும் பழமொழியும் இவ்வழக்கத்தினின்றே பிறந்தது. பாறைக்குள் புதைந்து கல்லாகிப்போன பல்லையும் இவ்வாறே பிடித்துப் பார்த்து, ஒரு குதிரையின் வயதை மட்டுமின்றிக் குதிரைக் குலத்தின் வரலாற்றையே அறிய முயன்றவர்கள் உண்டு. அவர்கள் கண்டது யாது, எங்கே தவறினர், தவறு எவ்வாறு திருத்தம் பெற்றது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

தவற்றைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அறிவியல் பாடநூல்களில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். இடக்கோடியில் நரியளவான சிறு விலங்கு ஒன்று நிற்கும். அதனையடுத்து ஆட்டளவில் ஒன்று, பின்னர்க் கழுதையளவில் ஒன்று, வலக்கோடியில் இன்றைய குதிரை. ஒவ்வொன்றின் கீழும் அதன் கால் எலும்பு: நான்கு விரல், மூன்று விரல், பக்க விரல்கள் குறுகிய மூன்று விரல், ஒற்றை விரல். ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் வரைவார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்வர். அப்படத்தில் உள்ள எலும்புகள் யாவும் உண்மையானவை. அவற்றை ஒரே வரிசையில் நிறுத்தி, முன்னது பின்னதைப் பெற்றது என்பதுபோல் காட்டியதுதான் பிழை.

அப்பிழை வகுப்பறையில் உடனே வெளிப்படும். "சிறிய விலங்கு பெரிதாக வேண்டும் என்று விரும்பியதா, ஐயா?" என்று ஒரு மாணவன் கேட்பான். "நான்கு விரல் விலங்கு குதிரையாகிவிட்டது என்றால், நம் காட்டில் இருக்கும் தாப்பிர் ஏன் இன்னும் குதிரையாகவில்லை?" என்று மற்றொருவன் கேட்பான். கேட்ட பிள்ளைகள்மீது குற்றமில்லை. படம் அவ்வாறு கேட்க வைக்கிறது.

நடுவிரலின் நகத்தில் நிற்கும் விலங்கு

கல்லெலும்புகளைப் பார்க்குமுன் உயிருள்ள குதிரையின் காலைப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளங்கையை மேசைமேல் விரித்து வையுங்கள். மணிக்கட்டை மெல்ல உயர்த்துங்கள். முதலில் கட்டைவிரல் மேசையை விட்டு விலகும். மேலும் உயர்த்தினால் சுண்டுவிரல் விலகும். பின்னர் ஆட்காட்டி விரலும் மோதிர விரலும் விலக, இறுதியில் நடுவிரலின் நுனி ஒன்றே மேசையைத் தொட்டு நிற்கும். குதிரை நிற்பது இப்படித்தான். அதன் குளம்பு நடுவிரலின் நகம். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. பின்னங்காலில் பின்புறம் துருத்திக்கொண்டிருப்பது கணுக்காலும் குதிகாலும்.

மற்ற விரல்கள் எங்கே போயின? மணிக்கட்டிலிருந்து கீழிறங்கும் தடித்த எலும்பின் இருமருங்கிலும் மெல்லிய எலும்புகள் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே சற்றுப் பருத்துத் தொடங்கி, கீழே வரவரக் கூர்ந்து, பாதி வழியில் முடிந்துவிடும். இவை ஆட்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய கையெலும்புகளின் மிச்சம். விரலைத் தாங்குவதற்காக அமைந்தவை; தாங்குவதற்கு விரல் இல்லை. மிக அரிதாக, இவ்வெலும்பின் நுனியில் சிறு குளம்போடு கூடிய விரல் முளைத்த குட்டிகள் பிறப்பதுண்டு. அத்தகைய நிகழ்ச்சிகளைத் தேடித் திரட்டி, மார்ஷ் என்ற அமெரிக்க அறிஞர் 1879இலும் 1892இலும் கட்டுரைகள் எழுதினார். அவரைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

பல்லின் அமைப்பு இன்னும் வியப்பானது. இளங்குதிரையின் கடைவாய்ப் பல் 7 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுடையது. வாயைத் திறந்தால் அதன் தலைப்பகுதி மட்டுமே தெரியும். மற்றது தாடைக்குள் புதைந்திருக்கும். மேலே தேயத் தேய, ஆண்டுக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர் வீதம் அது வெளியே எழும். புல்லில் மணலுக்குரிய பொருளாகிய சிலிக்கா நுண்துகள்களாக உண்டு. மேய்கையில் புழுதியும் சேர்ந்து வரும். இவற்றை நாள்தோறும் பல மணிநேரம் அரைக்கும் பல் விரைவில் தேய்ந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் அது நெட்டையாக இருத்தல் வேண்டும். அன்றியும், கடினத்தில் வேறுபட்ட மூன்று பொருள்கள் அப்பல்லில் மடிப்பு மடிப்பாக அமைந்துள்ளன. மெதுவானது முதலில் தேய, கடினமானது வரம்புபோல் உயர்ந்து நிற்கும். நம் வீட்டு அம்மி வழுவழுப்பாகிவிட்டால் கொத்துபவரை அழைக்க வேண்டும். குதிரையின் பல்லோ தேயும்போதே தன்னைத்தானே கொத்திக்கொள்ளும் அம்மி.

எலும்பிலும் பல்லிலும் காணும் இவ்விரண்டு தனித்தன்மைகளையும் மனத்திற் கொண்டால், பாறையடுக்குகளில் கிடைத்தவற்றைப் படிப்பது எளிது. விலங்கு இறந்ததும் அதன் உடல் சேற்றிலோ, ஆற்று மணலிலோ, எரிமலைச் சாம்பலிலோ விரைவாகப் புதையுமாயின், நிலத்தடி நீரில் கரைந்துள்ள தாதுப்பொருள்கள் எலும்பின் நுண்துளைகளில் ஏறி அதனைக் கல்லாக்கிவிடும். இதனையே புதைபடிவம் என்கிறோம். பல் எலும்பைவிடக் கடினமாதலால் மிகுதியாகக் கிடைப்பது பல்லே. பல குதிரையினங்களை அறிஞர்கள் முதலில் அறிந்தது சில பற்களைக் கொண்டுதான்.

முதல் ஏணி

1833இல் இளைஞராக இருந்த சார்லஸ் டார்வின், தென்னமெரிக்காவில் பரானா ஆற்றங்கரையில் உள்ள சாந்தா ஃபே என்னும் ஊரருகே ஒரு குதிரைப் பல்லைக் கண்டெடுத்தார். அந்நாட்டில் அற்றுப்போன பெருவிலங்குகளின் எலும்புகள் கிடக்கும் அதே மண்ணில் அது கிடந்தது. அவர் பெரிதும் வியப்படைந்தார். அமெரிக்காவிற்குக் குதிரையைக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர் என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அவர்கள் வருமுன்பே மண்ணுக்குள் குதிரைப் பல் எவ்வாறு வந்தது? இலண்டனில் ரிச்சர்டு ஓவன் என்னும் உடற்கூற்று வல்லுநர் அதனை ஆராய்ந்து, அற்றுப்போன ஒரு குதிரையினத்தின் பல் என்று உறுதி செய்தார்.

அதே ஓவன்தான் 1841இல், இலண்டன் களிமண் எனப்படும் படிவிற் கிடைத்த ஒரு சிறு மண்டையோட்டை ஆராய்ந்து அதற்கு ஹைராக்கோத்தீரியம் என்று பெயரிட்டார். முயலளவான ஹைராக்ஸ் என்னும் விலங்கை அது அவருக்கு நினைவூட்டியது. அப்பெயரின் பொருளும் அதுவே. குதிரையின் உறவு என்று அவர் கனவிலும் கருதவில்லை. இதற்காக அவரைக் குறைகூறுவதற்கில்லை. இடையில் உள்ள உருவங்கள் கிடைக்காதபோது, முயல் போன்ற தலையுடைய ஒன்றைப் பார்த்துக் குதிரை என்று யாரால் கூற இயலும்?

1870களின் தொடக்கத்தில் இரஷ்ய அறிஞர் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியும் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியும் ஐரோப்பாவில் கிடைத்த எலும்புகளை முறைப்படுத்தினர். பழைய பாறையில் பேலியோத்தீரியம், அதற்கு மேலடுக்கில் ஆஞ்சித்தீரியம், அதற்கும் மேலே ஹிப்பாரியன், இறுதியில் இன்றைய குதிரை. விரல்கள் படிப்படியே குறைந்தன. பற்கள் படிப்படியே நீண்டன. டார்வினின் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ என்று அக்காலத்தவர் மகிழ்ந்தனர். பார்ப்பதற்கு அழகான வரிசை. ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அவ்வரிசையில் நின்றவற்றுள் ஒன்றேனும் தனக்கு அடுத்து நின்றதன் முன்னோர் அன்று.

இது தெரியவந்தது 1876இல்.

ஒரு தொப்பி நிறைய எலும்பு

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர் ஆத்னியல் மார்ஷ். 1868இல் புதிதாக இடப்பட்டிருந்த இருப்புப்பாதை வழியே நெப்ராஸ்காப் புல்வெளிகளைக் கடந்து சென்றார். அவ்வழியில் ஆண்டிலோப் என்னும் சிறு நிலையம் இருந்தது. அங்கே கிணறு தோண்டியபோது ஆதிமனிதனின் எலும்புகள் கிடைத்தன என்று செய்தித்தாள்களில் ஒரு வதந்தி. வண்டி நின்ற சில நிமிடங்களில் மார்ஷ் இறங்கி ஓடி, தோண்டிப்போட்ட மண்ணைக் கிளறினார். மனித எலும்பு இல்லை. ஆனால் வேறு எலும்புகள் இருந்தன. வண்டி புறப்பட்டுவிட்டது. மீதத்தைப் பொறுக்கி வைக்குமாறு நிலைய அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வருகையில் அவர் ஒரு தொப்பி நிறைய எலும்புகளைக் கொடுத்தார். அவற்றுள் மூன்றடி உயரங்கூட இல்லாத, மூன்று விரல் கொண்ட ஒரு குதிரையின் எலும்பு இருந்தது.

அதன்பின் மார்ஷ் அமெரிக்க மேற்குப் பகுதிகளுக்குக் குழுக்களை அனுப்பிப் பெட்டி பெட்டியாக எலும்புகளைச் சேர்த்தார். 1876 ஆகஸ்டில் ஹக்ஸ்லி சொற்பொழிவாற்ற அமெரிக்கா வந்தார். குதிரை ஐரோப்பாவில் தோன்றியது என்பது அவர் எழுதி எடுத்துவந்த கருத்து. மார்ஷின் அருங்காட்சியகத்திற்குச் சென்று, இன்ன நிலைக்குச் சான்று உண்டா, இன்ன நிலைக்கு உண்டா என ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டவற்றுக்கெல்லாம் மார்ஷ் உதவியாளரை அழைத்து ஒரு பெட்டியைக் கொண்டுவரச் செய்தார். எலும்புகள் பேசிய பிறகு ஹக்ஸ்லி வாதாடவில்லை. குதிரைக் குலத்தின் தாயகம் வடஅமெரிக்கா என ஏற்று, நியூயார்க் சொற்பொழிவை மாற்றி எழுதினார். தாம் அச்சிட்டு நிலைநாட்டியதை ஒரு வாரத்திற்குள் கைவிடும் மனம் அறிஞர்களிடத்தும் அரிது. மார்ஷோடு இருந்த நாள்களில் அவர் ஒரு வேடிக்கைப் படமும் வரைந்தார்: இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஆதிக்குதிரை ஒன்று, அதன்மேல் ஓர் ஆதிமனிதன். அதற்கு 'ஈயோஹிப்பஸ்' என்று பெயர் எழுதினர். வைகறைக் குதிரை என்பது பொருள். இரண்டே மாதத்தில் மார்ஷ், நான்கு விரலுக்கும் பழைமையான அவ்விலங்கின் எலும்பைத் தம் திரட்டிலேயே கண்டு, அதே பெயரால் வெளியிட்டார்.

ஆகவே ஐரோப்பாவில் கிடைத்த ஆஞ்சித்தீரியமும் ஹிப்பாரியனும் யார்? அமெரிக்காவிலிருந்து வெவ்வேறு காலத்தில், கடல் தாழ்ந்து நிலம் இணைந்திருந்தபோது, பெரிங் நிலப்பாலத்தின் வழியே குடிபெயர்ந்து வந்தவை. வந்த இடத்தில் பெருகின. பின்னர் வழித்தோன்றலின்றி அற்றுப்போயின. அடுத்து வந்தது வேறொரு கிளை. ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் குடியிருந்த மூன்று வாடகைக்காரர்களைப் பாட்டன், தந்தை, மகன் என்று கருதியது போலாயிற்று முதல் ஏணி.

வைகறைக் குதிரையும் நம் காட்டுத் தாப்பிரும்

மார்ஷின் எலும்புகள் காட்டிய வரலாறு, பின்வந்த கண்டுபிடிப்புகளோடு சேர்ந்து, சுருக்கமாக இது. ஏறத்தாழ 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் நரியளவிலும் அதனினும் சிறிதாகவும் வாழ்ந்தவை வைகறைக் குதிரைகள். ஓவனின் விலங்கும் இவையும் ஒன்றென நெடுங்காலம் கருதினர். இப்போது அவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்துள்ளனர். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். பல் குட்டையானது, இளந்தழையும் கனியும் தின்னப் போதுமானது.

இக்காலமைப்பைப் படத்தில் மட்டுமே காண முடியும் என்பதில்லை. மலாயாக் காடுகளில் வாழும் தாப்பிருக்கு, மலாய்க்காரர் தெனுக் என்றும் சிப்பான் என்றும் சொல்வதற்கு, முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். விலங்குக் காட்சிசாலையில் அது நடந்துபோன ஈரமண்ணைக் கூர்ந்து பார்த்தால் எண்ணிக்கொள்ளலாம். தாப்பிரும் காண்டாமிருகமும் குதிரையும் ஒரே வரிசையைச் சேர்ந்த விலங்குகள். உடலின் பளு நடுவிரலின் வழியே இறங்குவது மூன்றுக்கும் பொது. (இம்மூன்றனுள் சுமத்திராக் காண்டாமிருகம் 2019இல் மலேசியாவில் அற்றுப்போயிற்று என்பது வருந்தத்தக்கது.) தாப்பிர் குதிரையின் முன்னோர் அன்று, தொலைவான உறவு. ஈரமான காட்டுத் தரையில் விரிந்த விரல்கள் புதையாமல் தாங்குகின்றன. தழை தின்னக் குட்டைப் பல் போதும். அதற்குக் குதிரையாக வேண்டிய தேவை எதுவும் நேரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்ட மாணவனுக்கு இதுவே விடை.

இவ்விலங்கு வரிசையின் தொடக்கம் பற்றி இந்தியாவிலும் ஒரு தடயம் கிடைத்துள்ளது. குசராத்தில் சூரத் நகருக்கு அண்மையில் வஸ்தான் என்னும் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில், ஏறத்தாழ 5 கோடியே 45 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு விலங்கின் எலும்புகள் கிடைத்தன. 2005இல் அதற்குக் காம்பேத்தீரியம் என்று பெயரிட்டனர். குதிரை, தாப்பிர், காண்டாமிருகம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான முன்னோருக்கு மிக நெருங்கிய உடலமைப்பு அதற்கு உண்டு. அக்காலத்தில் இந்தியா ஆசியாவை நோக்கி நகர்ந்துவந்த நிலத்துண்டம். அமெரிக்க வைகறைக் குதிரைகள் இதனினும் சற்று முற்பட்டவையாதலால் இதனையே தாய் என்று கூறமுடியாது. தாயின் சாயலை மாறாமல் வைத்திருந்த உடன்பிறப்பு எனலாம்.

ஐரோப்பாவில் கிளைத்த சிறு குதிரையுறவுகளைப் பற்றி ஜெர்மனியின் மெஸ்ஸல் ஏரிப்படிவு வியத்தகு செய்தி தருகிறது. 4 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏரியில் மூழ்கிய விலங்குகள் சில, முழு எலும்புக்கூடாகவும் வயிற்றில் இருந்த உணவோடும் கிடைத்துள்ளன. உணவு தழையும் கொடிமுந்திரி விதையும். சினையாக இருந்த ஒரு பெட்டையின் வயிற்றில், பிறக்கவிருந்த குட்டியின் எலும்புகள் பெரும்பாலும் அதனதன் இடத்திலேயே உள்ளன. ஊர்தியாகும் காலத்திற்குப் பல கோடி ஆண்டு முன்பே இக்குலத்தில் ஓரீற்றில் ஒரே குட்டி கருவுறும் வழக்கம் தோன்றிவிட்டது என்பதற்கு இது கண்கூடான சான்று.

ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆட்டளவில் மெசோஹிப்பஸ் தோன்றிற்று. நான்கு கால்களிலும் மும்மூன்று விரல்கள். பின்னர்ப் புவியின் வெப்பம் தணிந்து, மழை குறைந்து, வடஅமெரிக்க உள்நாட்டில் காடு விலகிப் புல்வெளி பரவலாயிற்று. 1 கோடியே 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மெரிக்ஹிப்பஸ் என்னும் குதிரைகள் வாழ்ந்தன. அவற்றின் பல் நெட்டையானது. பக்க விரல்கள் இருந்தும் தரையில் தாராளமாகப் படியவில்லை. வெட்டவெளியில் ஓட நேர்ந்த விலங்குக்குக் காலின் நுனி எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சற்றே இலேசான காலும் சற்றே நெடிய பல்லும் உடையவை சிறிது கூடுதலாகக் குட்டிகளை விட்டுச்சென்றன. விருப்பத்திற்கு இதில் இடமே இல்லை.

இரண்டாம் ஏணியும் முறிகிறது

இவ்வாறு ஈயோஹிப்பஸ், மெசோஹிப்பஸ், மெரிக்ஹிப்பஸ், பிளையோஹிப்பஸ், இன்றைய குதிரை என இரண்டாம் ஏணி எழுந்தது. மார்ஷ் 1879இல் வரைந்த கால், பல் அட்டவணையும், 1926இல் வில்லியம் மாத்யூ வெளியிட்ட விளக்கமும் உலகெங்கும் பாடநூல்களில் புகுந்தன. முதல் ஏணியைவிட இதில் உண்மை மிகுதி. நின்றவை ஒரே கண்டத்தைச் சேர்ந்தவை, முன்னோர்க்கு நெருங்கியவை. ஆயினும் எலும்புகள் சேரச் சேர இதுவும் ஆட்டம் கண்டது. 1951இல் சிம்ப்சன் என்பவர் குதிரைகளைப் பற்றிய தம் நூலில் கிளைகள் விரிந்த மரத்தையே வரைந்து காட்டினார். அவருக்குப்பின் கிடைத்த சான்றுகள் அம்மரத்தை மேலும் அடர்த்தியாக்கின.

மெசோஹிப்பஸ் மெல்ல மாறி மையோஹிப்பஸ் ஆயிற்று என்பது பழைய பாடம். 1989இல் புரோத்தரோ, ஷூபின் என்னும் இருவர் பாறையடுக்குகளை அடி அடியாக அளந்து ஆராய்ந்தனர். இரண்டும் ஏறத்தாழ 40 இலட்சம் ஆண்டுகள் உடன் வாழ்ந்தன என்று தெரிந்தது. வயோமிங்கில் ஓரிடத்தில், ஒரே காலத்தில், மெசோஹிப்பஸ் மூன்று இனமும் மையோஹிப்பஸ் இரண்டு இனமும் மேய்ந்திருக்கின்றன. முன்னோரும் வழித்தோன்றலும் சேர்ந்து வாழ்ந்ததைக் கண்டு, பரிணாமமே பொய்த்துவிட்டது என்று வாதிடுவோரும் உளர். பேத்தி பிறந்ததும் பாட்டி இறந்துவிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஓரினத்தின் ஒரு பகுதி தனித்துப் பிரிந்து வேறாகும். எஞ்சிய பகுதி பழையபடியே வாழும். ஏணியில் இதற்கு இடமில்லை, மரத்தில் உண்டு.

குதிரைகள் வரவரப் பெரியனவாயின என்பதும் முழுவுண்மை அன்று. வயோமிங்கின் பிக்ஹார்ன் பள்ளத்தாக்கில் சிஃப்ரிஹிப்பஸ் என்னும் தொன்மையான குதிரையின் பற்களை அளந்து, 2012இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உலகம் கடுமையாகச் சூடேறிய ஒரு காலத்தில், ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகளில், அதன் உடல் மூன்றில் ஒரு பங்களவு சிறுத்து, பூனையளவு எடைக்கு, 4 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. சூடு தணிந்ததும் மீண்டும் பெருத்து 7 கிலோவை எட்டியது. பிற்காலத்திலும் நானிப்பஸ் போன்ற சில கிளைகள் குறுகிக் குறுகி ஆட்டளவுக்கு வந்தன. வெப்பம், உணவு, பகை, இடம் இவற்றுக்கேற்ப உடல் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

இவ்வளவையும் ஒரே இடத்திற் காண விரும்புவோர் நெப்ராஸ்காவில் உள்ள சாம்பல் படிவைப் பற்றி அறிய வேண்டும். ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், மேற்கே 1,600 கிலோமீட்டர் தொலைவில் இன்றைய ஐடகோப் பகுதியில் ஓர் எரிமலை வெடித்தது. காற்றில் வந்த சாம்பல் கண்ணாடித் தூள் போன்றது. புல்லோடு அதனைத் தின்றும், மூச்சோடு உள்ளிழுத்தும் நுரையீரல் கெட்ட விலங்குகள், காய்ச்சல் தாகத்தோடு ஒரு நீர்நிலையைத் தேடி வந்து அங்கேயே மடிந்தன. 1971இல் மைக்கேல் வூர்ஹீஸ் என்பவர் ஓடைக்கரையில் ஒரு காண்டாமிருகக் கன்றின் மண்டையோட்டைக் கண்டார். 1970களின் இறுதியில் முறையாகத் தோண்டியபோது நூற்றுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்களோடு குதிரைகளும் வெளிப்பட்டன. எலும்புகள் சிதறவில்லை, விழுந்த நிலையிலேயே முழு உடலாகக் கிடக்கின்றன.

அந்த ஒரே நீர்நிலையில் ஐந்து வகைக் குதிரைகள் உள்ளன. நான்கு வகை மூன்று விரல் உடையவை. ஐந்தாவது பிளையோஹிப்பஸ், பாடநூலில் ஒற்றை விரல் குதிரை என்று பெயர் பெற்றது. அங்கே கிடந்தவற்றைப் பார்த்தால் சிலவற்றுக்குப் பக்க விரல்கள் இல்லை; சிலவற்றுக்கு இன்னும் இருக்கின்றன! ஓரினத்திற்குள்ளேயே, ஒரே சமயத்தில், விரல் உள்ளதும் அற்றதும் அருகருகே நீர் குடித்திருக்கின்றன. மாறுதல் எப்படி நிகழ்கிறது என்று எத்தனை பக்கம் எழுதினாலும், அக்குட்டையின் கரையில் கிடப்பதைப்போல் விளக்கிவிட முடியாது.

பல்லைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை வேண்டும். நெடிய பல் என்றாலே புல் தின்றது என்று முடிவு கட்டிவந்தனர். புளோரிடாவில் கிடைத்த, 50 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்ட ஆறு வகைக் குதிரைகளின் பற்களை 1999இல் வேதியியல் முறையால் ஆராய்ந்தனர். வெப்ப நாட்டுப் புல்லும் மரத்தழையும் கரியணுக்களின் விகிதத்தில் வேறுபடும்; தின்றது எதுவோ அவ்விகிதம் பல்லில் தங்கிவிடும். ஆறும் நெட்டைப் பல் உடையவை. ஆனால் அவற்றுள் புல்லையே நம்பியதும் உண்டு, தழையும் புல்லும் கலந்து தின்றவையும் உண்டு, பெரும்பாலும் தழைக்கே திரும்பிவிட்டதும் உண்டு. முன்னோர் விட்டுச்சென்ற கருவியைப் பின்னோர் வேறு பணிக்குக் கொண்டனர்.

ஒரு கிளையே மிஞ்சிய மரம்

ஹிப்பாரியன் கூட்டத்தை இங்கே மறந்துவிடலாகாது. மூன்று விரலோடு, சற்றேறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பழைய உலகுக்கு வந்த இக்குதிரைகள் ஸ்பெயினிலிருந்து சீனம் வரையும், தெற்கே ஆப்பிரிக்கா வரையும் பரவின. இமயத்தின் அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகளில், 1830களில் பால்கனரும் காட்லியும் பெருந்திரளாக எலும்புகளை எடுத்த அக்குன்றுகளிலேயே, இவற்றின் பற்கள் மிகுதி. பாறையடுக்கில் ஓர் எல்லைக்குக் கீழே ஒன்றுமில்லை; மேலே எங்கும் உண்டு. வந்த காலத்தை அவ்வெல்லையே காட்டிவிடுகிறது. ஒற்றைக் குளம்புக் குதிரை அங்கே வந்து சேர்ந்தது ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே.

ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் லைட்டோலி என்னுமிடத்தில், 36 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈரச் சாம்பலில் ஒரு ஹிப்பாரியன் பெட்டையும் அதன் குட்டியும் நடந்துபோன அடிச்சுவடுகள் கெட்டித்துக் கிடக்கின்றன. மனிதக் குலத்தின் முன்னோர் நடந்த சுவடுகளுக்குப் பேர்பெற்ற அதே படிவு. குளம்புகள் விழுந்த முறையை 1984இல் அளந்து, வழுக்கும் தரையில் ஒரு விரைநடையாக அவை சென்றன என்று கண்டனர். மூன்று விரல் குதிரை பழுதான படைப்பு என்று எண்ணுவோர், அது ஒரு கோடி ஆண்டு மூன்று கண்டங்களில் செழித்து வாழ்ந்ததை எண்ணிப் பார்க்கட்டும்.

அறிந்த குதிரைப் பேரினங்கள் முப்பதுக்கு மேல். ஒரு காலத்தில் வடஅமெரிக்காவில் மட்டும் பத்துக்கு மேற்பட்டவை உடன் வாழ்ந்தன. இன்று எஞ்சியிருப்பது ஒரே பேரினம். குதிரை, கழுதைகள், வரிக்குதிரைகள் என இனங்கள் ஏழு. ஏணி தோன்றியதற்கும் காரணம் இதுவே. அடர்ந்த மரத்தின் கிளைகளெல்லாம் முறிந்து ஒரு கொம்பு மட்டும் நின்றால், அக்கொம்பின் நுனியிலிருந்து அடிவரை ஒரு கோடு இழுப்பது எளிது. மான்களைப்போலவோ எலிகளைப்போலவோ நூற்றுக்கணக்கான இனங்கள் இன்றும் வாழ்ந்திருந்தால், எதனை முடிவென்று வைத்து ஏணி கட்டுவது? அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1980களில் இதனை எடுத்துக்காட்டினார். வெற்றிபெற்ற குலத்திற்கு எடுத்துக்காட்டாக நாம் காட்டிவருவது, அழிவின் விளிம்புக்கு வந்து ஒரு கிளையால் தப்பிய குலத்தை.

அக்கிளையின் வயதை இப்போது எலும்பின் வடிவத்தைக் கொண்டு மட்டுமன்றி அதனுள் தங்கிய மரபுப் பொருளைக் கொண்டும் கணிக்கின்றனர். கனடாவின் யூக்கான் பகுதியில் உறைபனி மண்ணில் கிடந்த ஒரு குதிரைக் காலெலும்பின் மரபுத் தொடரை 2013இல் படித்தனர். அது 5,60,000 முதல் 7,80,000 ஆண்டு வரை பழைமையானது. இன்றைய குதிரை, கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றின் பொது முன்னோர் 40 முதல் 45 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என அதனால் தெரிந்தது.

அம்முன்னோரின் வழிவந்தவை அமெரிக்காவிலிருந்து ஆசியாவுக்கும், பனாமா நிலவழி உண்டானபின் தென்னமெரிக்காவுக்கும் சென்றன. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழி முடிந்த காலத்தில், தாயகமாகிய அமெரிக்கா முழுவதிலும் குதிரை அற்றுப்போயிற்று. காலநிலை மாற்றமா, புதிதாக வந்த மனித வேடர்களா, இரண்டும் சேர்ந்தா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. பழைய உலகிற்குச் சென்ற கிளை உயிர்தப்பியது. மனிதனின் கைக்கு வந்தது. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் குதிரைகளைக் கரிபியன் தீவுகளுக்குக் கப்பலேற்றிச் சென்றார். 1519இல் கோர்த்தேஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோக் கரையில் இறங்கினார். அங்கிருந்த மக்கள் அத்தகைய விலங்கை அதற்குமுன் கண்டதில்லை. ஆனால் சாந்தா ஃபே மண்ணில் டார்வினுக்குக் கிடைத்த பல், அக்கப்பல்கள் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கேயே பிறந்து, அங்கேயே மேய்ந்து மடிந்த ஒரு குதிரையினுடையது.